வெப்ப யோகம்: அறைக்குள் நுழையும் முன்னும் வெளியேறிய பின்னும்

செயற்கையாகச் சூடேற்றிய அறைக்குள் ஆசனங்களைச் செய்யும் பயிற்சி, ஹாட் யோகா என்ற பெயரில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பரவி, இந்தியப் பெருநகரங்களுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. இங்கு வெப்ப யோகம் என வழங்கப்படும் இப்பயிற்சி ஒரே முறையன்று; சில கூடங்களில் அறையின் வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸைச் சற்றே தாண்டும், சிலவற்றில் 40 டிகிரிக்கும் மேலே செல்லும், வகுப்பின் நேரமும் 60 நிமிடம் முதல் 90 நிமிடம் வரை வேறுபடும். இவற்றுள் மிகுதியாக அறியப்பட்டதும் ஆய்வாளர்கள் அடிக்கடி சோதனைக்கு எடுத்துக்கொண்டதும் பிக்ரம் யோகா எனப்படும் முறையாகும். பரமஹம்ச யோகானந்தரின் தம்பியான பிஷ்ணு சரண் கோஷ் 1923-இல் கல்கத்தாவில் நிறுவிய உடற்பயிற்சிக் கல்லூரியின் வழிவந்தவராகத் தம்மைக் கூறிக்கொண்ட பிக்ரம் சௌத்ரி, 1970-களில் லாஸ் ஏஞ்சலீஸ் வட்டாரத்தில் இதைக் கற்பித்துப் பரப்பினார். 26 ஆசனங்கள், தொடக்கத்தில் ஒன்றும் முடிவில் ஒன்றுமாக இரு மூச்சுப்பயிற்சிகள், 90 நிமிட நேரம், 105 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது ஏறத்தாழ 40.6 டிகிரி செல்சியஸ் வெப்பம், 40 விழுக்காடு ஈரப்பதம் என்பன இம்முறையின் மாறாத அமைப்பு.

இந்த ஆசன வரிசை தமக்கே உரியது என்று அவர் தொடுத்த பதிப்புரிமை வழக்கில், ஆசன வரிசைக்குப் பதிப்புரிமை கோர இயலாது என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 2015-இல் தீர்ப்பளித்தது. அதற்கு முன்பே, 2013 முதல் அவர்மீது பாலியல் வன்முறை தொடர்பான வழக்குகள் தொடரப்பட்டமையால், பல கூடங்கள் அவர் பெயரைப் பலகையிலிருந்து எடுத்துவிட்டு, அதே வரிசையை '26+2' என்றோ வெறுமனே ஹாட் யோகா என்றோ அழைக்கத் தொடங்கின. ஆகவே பெயர்ப்பலகையைக் கொண்டு அறையின் வெப்பத்தை அறிய முடியாது. சேர விரும்புவோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அறை எத்தனை டிகிரியில், எத்தனை விழுக்காடு ஈரப்பதத்தில், எவ்வளவு நேரம் வைக்கப்படுகிறது என்பதே. இக்கேள்விக்கு எண்ணால் விடை சொல்லத் தெரியாத கூடத்தைத் தவிர்ப்பது நன்று.

இம்முறையைத் தொன்மையானது என்று விளம்பரப்படுத்துவோரும் உளர். யோகப் பயிற்சியின் முதன்மை நூல்களுள் ஒன்றான ஹடயோகப் பிரதீபிகை, மூச்சுப்பயிற்சியின் உழைப்பால் தோன்றும் வியர்வையை உடலிலேயே தேய்த்துக்கொள்ளச் சொல்வது உண்மையே. ஆனால் அதே நூல், தொடக்க நிலையில் உள்ளவர் நெருப்பருகே இருப்பதை விலக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. உள்ளிருந்து எழும் சூடு வேறு, வெளியிலிருந்து ஏற்றப்படும் சூடு வேறு என்ற இந்த வேறுபாடு, பழமையைப் பற்றிய வாதத்தைவிட உடலியலுக்கே மிகவும் பொருந்துவதாகும்.

வெப்பம் உடலுக்குள் செய்வது

தசைகள் இயங்கும்போது அவை செலவிடும் ஆற்றலின் பெரும்பகுதி வெப்பமாகவே வெளிப்படுகிறது. குளிர்ந்த அறையில் இவ்வெப்பம் தோலிலிருந்து காற்றுக்குத் தானாகவே கடந்துவிடும். அறையின் வெப்பம் தோலின் வெப்பத்தைவிட, அதாவது ஏறத்தாழ 35 டிகிரியைவிட, மிகும்போது இந்த ஓட்டம் திரும்பிக்கொள்கிறது. காற்றிலிருந்து உடலுக்குள் வெப்பம் புகத் தொடங்க, வியர்வை ஆவியாவது ஒன்றே உடலுக்கு எஞ்சும் வடிகால் ஆகிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துச் செல்லும். ஆனால் ஆவியாகாமல் விரிப்பில் சொட்டும் வியர்வையால் உடல் சிறிதும் குளிர்வதில்லை. நீரையும் உப்பையும் இழந்ததே மிச்சம். முப்பது பேர் நெருங்கி நின்று வியர்க்கும் மூடிய அறையில் ஈரப்பதம் நிமிடத்துக்கு நிமிடம் ஏறுவதால், வியர்வை மிகுதியாகச் சொட்டுவது பயிற்சியின் வெற்றிக்கு அடையாளம் அன்று. குளிர்விக்கும் பொறி தடைப்படுவதற்கான அடையாளமாகவும் அது இருக்கலாம்.

இதற்கிடையே இதயம் இரட்டை வேலை செய்கிறது. தசைகளுக்கு வேண்டிய ரத்தத்தோடு, வெப்பத்தை வெளியேற்றுவதற்காகத் தோலுக்கும் மிகுதியான ரத்தத்தை அது அனுப்ப வேண்டியிருக்கிறது. வியர்வையால் ரத்தத்தின் நீர்மம் குறையக் குறைய, ஒவ்வொரு துடிப்பிலும் தள்ளப்படும் அளவு சுருங்கி, துடிப்பின் எண்ணிக்கை கூடுகிறது. வெப்ப யோகத்தில் நாடி விரைவதை, ஓட்டப்பயிற்சியில் விரைவதோடு ஒப்பிட்டு மகிழ்வது இக்காரணத்தால் பொருந்தாது. இங்கு நாடியை விரைவிப்பது உழைப்பு மட்டுமன்று, சூடும்தான். வெப்பத்தை மருந்தாகக் கருதாமல், முதுகில் ஏற்றிய மூட்டையாகக் கருதுவதே ஆயத்தத்தின் அடிப்படை; யார் சுமக்கலாம், எவ்வளவு நேரம், எந்த நிலையில் இறக்கி வைக்க வேண்டும் என்ற கேள்விகள் அதிலிருந்து தாமே எழும்.

இம்மூட்டையின் எடையை இரண்டு சோதனைகள் தெளிவாகக் காட்டுகின்றன. அமெரிக்க உடற்பயிற்சி மன்றத்தின் ஆதரவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் லா கிராஸ் வளாகத்தில் 2013-இல் வெளியான ஆய்வில், ஒரு மணி நேர வகுப்பு ஒன்று 21 டிகிரியிலும் 33 டிகிரியிலும் நடத்தப்பட்டபோது, பங்கேற்ற 24 பேரின் உள்வெப்பநிலையில், அதாவது தோலுக்கு உள்ளே உறுப்புகள் இருக்கும் பகுதியின் வெப்பத்தில், குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. அதே வளாகத்தில் 2015-இல் வெளியான மற்றோர் ஆய்வு 20 பேரை 40.6 டிகிரியில் 90 நிமிட பிக்ரம் வகுப்பில் சோதித்தது. ஆண்களின் உச்ச உள்வெப்பநிலை சராசரியாக 39.6 டிகிரியையும் பெண்களுடையது 38.9 டிகிரியையும் தொட்டது, ஒருவருக்கு 40 டிகிரியைத் தாண்டியது. 40 டிகிரி என்பது வெப்பத்தாக்கு எனும் உயிராபத்து நிலையின் வாயிற்படி. பங்கேற்றோர் அனைவரும் முன்பே பழகியவர்கள் என்பதும், வெப்பம் தாங்காமையின் அறிகுறி எதுவும் அவர்களிடம் புலப்படவில்லை என்பதும் இங்கு கூர்ந்து நோக்கத்தக்கவை, ஏனெனில் உடல் எல்லையை நெருங்குவதை உணர்வு எப்போதும் அறிவிப்பதில்லை. 33 டிகிரியில் உடல் எளிதில் சமாளிப்பதும், 40 டிகிரியில் 90 நிமிடத்தில் திணறுவதும் ஒரே பயிற்சியின் இரு அளவுகளாகத் தோன்றினும், உடலைப் பொறுத்தவரை அவை இரு வேறு பயிற்சிகளே. புதியவர் முதலாவதிலிருந்து தொடங்குவதே முறை.

பயன்கள், மெய்யும் மிகையும்

கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2013-இல் வெளியான ஆய்வில், எட்டு வாரங்களில் 24 பிக்ரம் வகுப்புகளில் பங்கேற்ற இளைஞர்களுக்கு முதுகு, கால் தசைகளின் வலிமையும் உடலின் நெகிழ்வும் கூடின. உடல் கொழுப்பு மிகச் சிறிதளவு குறைந்தது. ஆனால் உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனின் உச்ச அளவு, அதாவது இதயமும் நுரையீரலும் சேர்ந்த தாங்குதிறனின் அளவுகோல், மாறவில்லை. எனவே விரைநடையையோ நீச்சலையோ விட்டுவிட்டு இதற்கு வருவது இதயத்தைப் பொறுத்தவரை ஈடாகாது. ஒரு வகுப்பில் 1,000 கிலோகலோரி எரிகிறது என்ற பரவலான கூற்றும் நிற்கவில்லை. அதே பல்கலைக்கழகத்தின் அளவீட்டில் 90 நிமிடத்துக்கு ஆண்கள் சராசரியாக 460 கிலோகலோரியும் பெண்கள் 330 கிலோகலோரியும் செலவிட்டனர். இது விரைந்து நடப்பதற்கு நிகரானது.

வெப்பம் உண்மையில் என்ன கூட்டுகிறது என்ற கேள்விக்கு நேரான விடையைத் தேடியது டெக்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2018-இல் வெளியிட்ட ஆய்வாகும். உட்கார்ந்த வாழ்க்கை முறையும் 40 முதல் 60 வரையிலான வயதும் கொண்டோரைப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு 40.5 டிகிரியிலும் மற்றொரு பிரிவினருக்கு 23 டிகிரியிலும் அதே 26 ஆசனங்களை 12 வாரம் பயிற்றுவித்தபோது, ரத்த நாளங்களின் உட்சுவர் விரிந்து கொடுக்கும் திறன் இரு பிரிவினருக்கும் ஒத்த அளவில் மேம்பட்டது. நாளச் சுவரின் இத்திறன் குறைவதே தமனிகள் அடைபடும் நோயின் தொடக்கம் என்பதால் பயன் பெரிதுதான். ஆனால் அப்பயனைத் தந்தது ஆசனம், சூடு அன்று.

மனநலத்தில் கிடைத்த முடிவு இதைவிட ஊக்கம் தருவது. பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்ட சோதனையில், மிதமானது முதல் கடுமையானது வரை மனச்சோர்வு கொண்டோர் எட்டு வாரம் வெப்ப யோகம் செய்தபின், அவர்களுள் 59 விழுக்காட்டினருக்கு நோயறிகுறிகள் பாதியோ அதற்கு மேலோ தணிந்தன. பயிற்சிக்குக் காத்திருந்த பிரிவில் இவ்வாறு தணிந்தவர்கள் 6 விழுக்காட்டினரே. வாரம் இருமுறை வரச் சொல்லப்பட்டிருந்தும் சராசரியாகப் பத்து வகுப்புகளுக்கே அவர்கள் வந்திருந்தனர் என்பது குறைந்த அளவும் உதவலாம் என எண்ணச் செய்கிறது. எனினும் பங்கேற்றோர் எண்ணிக்கை சிறியது. வெப்பமில்லாத யோகத்தோடு ஒப்பீடும் செய்யப்படவில்லை. மனச்சோர்வுக்கு மருத்துவர் தந்த மாத்திரையை இப்பயிற்சியை நம்பி நிறுத்துவது கூடாது.

வியர்வை வழியே உடலின் நஞ்சுகள் வெளியேறுகின்றன என்ற விளம்பரம் பொருளற்றது. கழிவுகளை வெளியேற்றும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் செய்கின்றன, வியர்வை என்பது பெரும்பாலும் நீரும் உப்புமே. வகுப்பு முடிந்தவுடன் எடைக் கருவி காட்டும் ஒரு கிலோ குறைவும் கொழுப்பன்று, ஒரு லிட்டர் தண்ணீர். நெகிழ்வைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை வேண்டும். சூட்டில் தசையும் தசைநாணும் இளகிக் கொடுப்பதால், குளிர்ந்த அறையில் முழங்காலைத் தொடாத நெற்றி இங்கு தொட்டுவிடும். ஆனால் எலும்புகளைப் பிணைக்கும் தசைநார்கள் ஒருமுறை அளவு மீறி நீண்டால் பழைய இறுக்கத்துக்கு எளிதில் திரும்புவதில்லை. முழங்காலைப் பூட்டி நிற்குமாறு ஆசிரியர் பணிக்கும் ஒற்றைக்கால் ஆசனங்களில், மூட்டு பின்புறமாக வளையும் உடல்வாகு உடையோர் தொடைத் தசையை இறுக்கி நிற்க வேண்டுமேயன்றி மூட்டின்மேல் எடையைச் சாய்த்து நிற்கலாகாது.

விலக வேண்டியோர்

கருவுற்றோருக்கு இப்பயிற்சி ஆகாது. கருவின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் முதல் வாரங்களில் தாயின் உள்வெப்பநிலை 39 டிகிரியைத் தாண்டுவது நரம்புக்குழாய்க் குறைபாட்டோடு தொடர்புடையதாகக் காணப்பட்டிருப்பதால், அமெரிக்க மகப்பேறு மருத்துவர் அமைப்பு கருவுற்ற காலத்தில் வெப்ப யோகத்தைத் தவிர்க்கச் சொல்கிறது. இதய நோயாளிகள், கட்டுப்படாத ரத்த அழுத்தம் உடையோர், முன்பு வெப்பத்தாக்குக்கு ஆளானோர், சூட்டில் நரம்பு அறிகுறிகள் மோசமடையும் மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் நோயாளிகள் ஆகியோரும் விலக வேண்டும். சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை, இதயத் துடிப்பைக் கட்டுப்படுத்தும் பீட்டா பிளாக்கர், வியர்வையைக் குறைக்கும் ஒவ்வாமை மாத்திரைகள் சில, உடலில் நீர் குறைந்தால் ரத்தத்தில் அளவு ஏறிவிடும் லித்தியம் ஆகியவற்றை உட்கொள்வோரும், இன்சுலின் ஊசி போட்டுக்கொள்வோரும் மருத்துவரைக் கேளாமல் சேரக் கூடாது. காய்ச்சல், வயிற்றுப்போக்கு, உறக்கமில்லாத இரவு ஆகியவற்றுக்கு மறுநாள் எவரும் செல்ல வேண்டியதில்லை. கட்டிய கட்டணம் வீணாகும் என்ற எண்ணமே பலரை அந்நாளில் அறைக்குள் தள்ளுகிறது.

ஆயத்தம்

ஆயத்தம் முதல்நாளே தொடங்குகிறது. வகுப்புக்குச் சற்று முன் ஒரே மூச்சில் குடிக்கும் ஒரு லிட்டர் தண்ணீர் வயிற்றில் குலுங்கி, சிறுநீராகக் கழியுமேயன்றி உடலில் தங்காது; முதல்நாள் முழுவதும் பகிர்ந்து குடித்தால்தான் தங்கும். அன்று காலைச் சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருப்பின் போதிய நீர் இருக்கிறது எனலாம், அடர்மஞ்சளாக இருப்பின் இல்லை. முதல்நாள் மது அருந்தியவர் மறுநாள் வகுப்பை விடுவதே நலம். விரத நாளும் அவ்வாறே. வெறும் வயிற்றில் யோகம் என்ற பழைய விதி காலைக் குளிரில் செய்யும் பயிற்சிக்கு உரியது, நீரும் அருந்தாத நோன்போடு 40 டிகிரி அறைக்குச் செல்வதற்கு அன்று. முழுச் சாப்பாட்டுக்கும் வகுப்புக்கும் இடையே மூன்று மணி நேரமாவது இருக்க வேண்டும். இரண்டு இட்லியோ ஒரு வாழைப்பழமோ என்றால் ஒன்றரை மணி நேரம் போதும். எண்ணெய்ப் பலகாரமும் பருப்பு மிகுந்த உணவும் முன்குனியும் ஆசனங்களில் தம் இருப்பைத் தெரிவிக்கும்.

நீரோடு உப்பும் இழக்கப்படுகிறது என்பது பலரும் மறக்கும் செய்தி. ஒரு லிட்டர் வியர்வையில், ஆளுக்கு ஆள் வேறுபட்டு, ஏறத்தாழ அரை கிராம் முதல் ஒன்றரை கிராம் வரை சோடியம் இருக்கும். நிறைய வியர்த்தவர் வெறும் தண்ணீரையே லிட்டர் கணக்கில் குடித்தால் ரத்தத்தில் சோடியத்தின் அடர்த்தி நீர்த்துப்போய், தலைவலி, குமட்டல், குழப்பம் என்று தொடங்கி வலிப்பு வரையும் செல்லக்கூடும். உப்பிட்ட நீர்மோரும் நீராகாரமும் இதற்கு மிகவும் ஏற்றவை. இளநீரில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு என்பதால் அதை மட்டும் நம்பலாகாது. மிகுதியாக வியர்ப்போர், ஒரு லிட்டர் கொதித்தாறிய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டிய அளவில் கலந்து வைத்துக்கொள்ளலாம். உப்பைக் குறைக்குமாறு மருத்துவர் சொல்லியிருப்போர் இதற்கும் அவரிடமே கேட்க வேண்டும்.

உடை மெல்லியதாகவும் உடலோடு பொருந்தியதாகவும் இருக்க வேண்டும். தடித்த பருத்திச் சட்டை வியர்வையை உறிஞ்சிக் கனத்து, ஆவியாவதையும் தடுக்கும். வியர்வையைக் கூட்டும் என்று சொல்லி விற்கப்படும் ரப்பர் இடுப்புப்பட்டைகளை இவ்வறைக்குள் அணிவது ஆபத்தை விலை கொடுத்து வாங்குவதாகும். எண்ணெய்க் குளியலையும் தோல் களிம்பையும் அன்று தவிர்க்காவிடில், பின்னால் மடித்த காலைப் பற்றும் ஆசனங்களில் கை வழுக்கும். விரிப்பின் முழு நீளத்துக்கும் ஒரு துண்டு, முகத்துக்குச் சிறு துண்டு, தண்ணீர்ப் புட்டி, மாற்றுடை ஆகியவை போதும். உலோக நகைகள் சூடேறுவதால் கழற்றி வைக்கப்பட வேண்டும். கால் மணி நேரம் முன்னதாகச் சென்று, வெப்பக் கருவிக்குத் தொலைவிலும் கதவுக்கு அருகிலும் பின்வரிசையில் இடம்பிடிப்பது புதியவருக்கு உகந்தது. முன்வரிசைக் கண்ணாடியில் தம்மைக் காணும் ஆவல் சில வாரம் பொறுக்கலாம்.

உடல் வெப்பத்துக்குப் பழகுவதற்கு ஏழு முதல் பதினான்கு நாள் வரை ஆகிறது. இக்காலத்தில் ரத்தத்தின் நீர்மம் கூடுகிறது, வியர்வை விரைவில் தொடங்குகிறது, அதில் உப்பு குறைகிறது. பயிற்சி நின்றால் சில வாரங்களில் இம்மாற்றங்கள் மறைந்தும்போகின்றன. கத்திரி வெயிலில் வேலூரில் நடமாடியவரின் உடல் இதில் ஓரளவு முன்னேறியிருக்கும். ஜனவரியில் டொரான்டோவின் பனியிலிருந்து நேரே கூடத்துக்குள் நுழைபவரின் உடல், அவர் எந்த ஊரில் பிறந்தவராயினும், தொடக்கத்திலிருந்தே கற்க வேண்டும். முதல் வகுப்பில் பாதி ஆசனங்களைச் செய்து, மற்ற நேரம் விரிப்பில் அமர்ந்திருந்தாலே போதுமானது. முதல் இரு வாரங்களில் இரண்டு வகுப்புகளுக்கிடையே இரண்டு நாள் இடைவெளியும் வேண்டும்.

அறைக்குள்ளும் அதன் பின்னரும்

மூக்கால் மூச்சுவிட முடிகிறதா என்பதே வகுப்பினூடே தம்மைச் சோதிக்க எளிய வழி. வாய் திறந்து இரைக்கத் தொடங்கியவுடன் வஜ்ராசனத்தில் அமர்வதோ சவாசனத்தில் படுப்பதோ செய்ய வேண்டும். தோல்நாளங்கள் விரிந்திருக்கும் நிலையில் முன்குனிந்தோ படுத்தோ இருந்து சட்டென எழுந்தால் மூளைக்குச் செல்லும் ரத்தம் குறைந்து கண் இருளும். அரைச்சந்திராசனத்தை அடுத்து வரும் பாதஹஸ்தாசனத்திலிருந்தும், பின்வளையும் உஷ்டிராசனத்திலிருந்தும் மெல்ல மீள வேண்டுவது இதனாலேயே. தண்ணீரைத் தாகத்துக்கேற்பச் சிறு மிடறுகளாகக் குடிக்கலாம். கிறுகிறுப்பு, தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு ஆகியவை வெப்பத் தளர்ச்சியின் குறிகள். இவற்றுள் ஒன்று தோன்றினாலும் அறையை விட்டு வெளியேற வேண்டும்; இறுதிவரை எவரும் வெளியேறக் கூடாது என்று கட்டளையிடும் ஆசிரியரின் சொல்லை இங்கு மீறுவதே சரி. சூட்டுக்கு நடுவே குளிர்வதுபோல் மயிர்க்கூச்செறிதல், நடை தள்ளாடுதல், பேச்சுக் குழறுதல், குழப்பம் ஆகியன வெப்பத்தாக்கின் குறிகள். அப்போது உடனிருப்போர் காத்திராமல், அவரை வெளியே கொணர்ந்து உடல் முழுவதும் குளிர்ந்த நீர் ஊற்றி விசிறிக்கொண்டே, அவசர ஊர்தியை, தமிழ்நாட்டில் 108 எண்ணில், அழைக்க வேண்டும். நினைவு தெளியாதவர் வாயில் நீர் ஊற்றக் கூடாது.

வகுப்பு முடிந்ததும் சவாசனத்தில் சில நிமிடங்கள் இருந்து, வெளிக்கூடத்தில் வியர்வை அடங்கும் வரை அமர்ந்த பின்னரே குளியலறைக்குச் செல்வது நல்லது. வெந்நீர்க் குளியல் அந்நேரத்தில் மயக்கம் தரும். குளிர் நாடுகளில் ஈர உடையோடு தெருவில் இறங்கலாகாது. முதல் சில வகுப்புகளில், உள்ளே செல்லும் முன்னும் உடல் துடைத்து வெளியே வந்த பின்னும் எடை பார்த்துக் குறித்துக்கொள்வோருக்குத் தம் வியர்வையின் அளவு கிராம் கணக்கில் தெரிந்துவிடும். 60 கிலோ எடையுள்ளவர் ஒரு வகுப்பில் 1.2 கிலோவுக்கு மேல், அதாவது உடல் எடையில் 2 விழுக்காட்டுக்கு மேல் இழந்தால், அடுத்த முறை இடையில் கூடுதலாகக் குடிக்கவோ நேரத்தைக் குறைக்கவோ வேண்டும். இழந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றரை லிட்டர் என்ற கணக்கில், உப்புள்ள உணவோடு சேர்த்து, அடுத்த சில மணி நேரத்துக்குள் நீர் திரும்ப வேண்டும். வகுப்பில் நனைந்த விரிப்பைச் சுருட்டிப் பைக்குள் வைத்தால் மறுநாளே பூஞ்சை நாற்றம் வீசும். வீடு வந்தவுடன் துண்டைத் துவைத்து, விரிப்பைச் சோப்பு நீரில் துடைத்து, நிழலில் இருபுறமும் உலர்த்தி எடுத்து வைக்க வேண்டும்.